கையொப்பமிட்ட கூட்டுக் கலைநூல்களைச் சேகரிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கவிஞரும் ஓவியரும், இசையமைப்பாளரும் சித்திரக்காரரும், எழுத்தாளரும் அச்சோவியரும் சேர்ந்து உருவாக்கி, குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டு, கையொப்பத்துடன் வெளியிடும் நூல்களுக்கு உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இத்துறைக்குப் புதிதாக வருபவரின் கண் இயல்பாகவே கையொப்பத்தின் மீதுதான் முதலில் விழுகிறது. விற்பவரும் அதையே முன்னிறுத்துகிறார். கையொப்பத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்பதே இக்கட்டுரையின் பரிந்துரை. இரு துறைக் கலைஞர்கள் உண்மையிலேயே சேர்ந்து உழைத்தார்களா, அந்த உழைப்பு நூலின் பக்கங்களில் தெரிகிறதா என்பதை முதலில் அறிந்துகொண்டால்தான் கையொப்பம் எதற்குச் சாட்சியாக நிற்கிறது என்பது புரியும்.

முதற்படி: கூட்டு எத்தகையது என்று கேளுங்கள்

நூலை விலை பேசுவதற்கு முன்பு அது பிறந்த கதையைப் படியுங்கள். பாரிசில் 1913இல் கவிஞர் பிளேஸ் சாந்த்ராரும் ஓவியர் சோனியா தெலோனேயும் வெளியிட்ட சைபீரிய ரயில் பயணக் கவிதை இதற்கு நல்ல தொடக்கம். மடிப்பு மடிப்பாக விரியும் அந்த நூல் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் கொண்டது. இடப்பக்கம் வண்ணங்கள் மேலிருந்து கீழே வழிந்தோட, வலப்பக்கம் கவிதை பல வகை எழுத்துருக்களிலும் நிறங்களிலும் இறங்கி வருகிறது. திட்டமிட்ட 150 பிரதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் ஈஃபில் கோபுரத்தின் உயரம் வரும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்த எண்ணிக்கை முழுவதும் அச்சாகி முடியவில்லை. கவிதையைத் தனியே எடுத்துவிட்டால் ஓவியம் பாதியாகிவிடும், ஓவியத்தை நீக்கினாலோ கவிதை வெறும் பத்திகளாகச் சுருங்கிவிடும் என்னும் அளவுக்கு இரண்டும் பின்னிக் கிடக்கும் இத்தகைய நூலை நான் முதல் தரமாகக் கருதுகிறேன்.

நியூயார்க்கில் 1957இல் ஓவியர் லாரி ரிவர்ஸும் கவிஞர் ஃபிராங்க் ஓஹாராவும் தொடங்கிய கல்லச்சுத் தொகுப்பு இன்னும் நெருக்கமான கூட்டு. அச்சகம் நடத்திய தத்தியானா குரோஸ்மன் இருவரையும் ஒரே கல்லின் முன் அமர்த்தினார். ஒருவர் வரைய, மற்றவர் அதே கல்லில் எழுதினார். அச்சில் நேராக வர வேண்டுமென்பதால் ஓஹாரா தம் சொற்களை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல எழுத வேண்டியிருந்தது. வரைபவரின் கோடு எழுதுபவரின் வரிக்கு இடம்விட்டு வளைவதை அத்தாள்களில் இன்றும் காணலாம்.

இதற்கு மறுகோடியில் நிற்பது 1935இல் அமெரிக்காவின் லிமிடெட் எடிஷன்ஸ் கிளப் வெளியிட்ட ‘யுலிசஸ்’. ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவலுக்கு ஹென்றி மத்தீஸ் படம் வரைந்தார் என்றுதான் அது விற்கப்படுகிறது. ஆனால் மத்தீஸ் வரைந்தவை, நாவலின் தலைப்புக்கு மூலமான ஹோமரின் கிரேக்கக் காவியம் ‘ஒடிசி’யின் காட்சிகளே. ஜாய்ஸின் டப்ளின் நகரம் அப்படங்களில் இல்லை. 1500 பிரதிகளிலும் மத்தீஸ் கையொப்பமிட்டார், 250 பிரதிகளில் மட்டும் ஜாய்ஸும் கையொப்பமிட்டார். இரண்டு கையொப்பங்களும் உள்ள பிரதியின் விலை பன்மடங்கு உயர்ந்து நிற்பது சந்தையின் நியாயம். இரு மேதைகளின் பெயரும் ஒரு தாளில் இருப்பதற்காக அதை வாங்க விரும்புவோர் தாராளமாக வாங்கலாம். ஆனால் கூட்டுப்படைப்பைத் தேடி வருபவர், அங்கே ஒரே அட்டைக்குள் இரு தனிப் படைப்புகளே உள்ளன என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

பெரும்பாலான நூல்கள் இவ்விரண்டுக்கும் இடையில் அமைகின்றன. லண்டனிலும் நியூயார்க்கிலும் இயங்கிய பீட்டர்ஸ்பர்க் பிரஸ் 1976இல் 250 பிரதிகளாக வெளியிட்ட, எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டும் ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸும் சேர்ந்த நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பெக்கெட்டின் 5 உரைநடைத் துண்டுகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இடம்பெற, உலோகத் தகடுகளிலிருந்து எடுத்த ஜான்ஸின் 33 செதுக்கச்சுகள் அவற்றைச் சூழ்கின்றன. ஜான்ஸ் கதைக்குப் படம் போடவில்லை. 1972இல் தாம் தீட்டிய ஓவியம் ஒன்றின் கூறுகளையே திரும்பத் திரும்ப எடுத்தாண்டார். உரை ஒரு வழியில் செல்ல, படம் வேறு வழியில் செல்கிறது. ஆயினும் உடலின் சிதறலும் சொல்லின் தயக்கமும் அருகருகே நின்று ஒன்றையொன்று கனக்கச் செய்கின்றன. அந்த நூலுக்கெனக் கையால் செய்யப்பட்ட தாளின் நீர்க்குறியில் பெக்கெட்டின் பெயர் முதலெழுத்துகளும் ஜான்ஸின் கையொப்பமும் இருக்கின்றன. தனித்தனியே வேலை செய்தும் கூட்டு உண்மையாக அமையும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று இதுதான்.

ஆகவே ஒரு நூலைப் பற்றி நீங்கள் எழுப்ப வேண்டிய கேள்விகள் சில உண்டு. இருவரும் பேசிக்கொண்டார்களா? எது முதலில் வந்தது, எழுத்தா படமா? ஒருவர் மற்றவருக்காக எதையேனும் மாற்றினாரா? எரிக் சாத்தியின் இசைக்குறிப்பும் சார்ல் மார்த்தானின் படங்களும் சேர்ந்த பாரிஸ் தொகுப்பில் இந்தக் கேள்விகளுக்குச் சுவையான விடை கிடைக்கிறது. விளையாட்டுகளையும் பொழுதுபோக்குகளையும் பற்றிய அந்தத் தொகுப்புக்கு 1914இல் சாத்தி இசையமைத்தார். உலகப் போரால் வெளியீடு தள்ளிப்போக, அதற்குள் ஆடைப் பாணிகள் மாறிவிட்டதால் 1922இல் மார்த்தான் படங்களைப் புதிதாக வரைந்தார். எனவே இசை எந்தப் படங்களோடு பிறந்ததோ அவற்றைப் பெரும்பாலான பிரதிகளில் காண முடியாது.

இரண்டாம் படி: பதிப்புக் குறிப்பை வரிவரியாகப் படியுங்கள்

வரையறுத்த எண்ணிக்கையில் வெளியாகும் நூல்களின் கடைசிப் பக்கத்திலோ தொடக்கத்திலோ ஒரு குறிப்பு இருக்கும். எத்தனை பிரதிகள், எந்தத் தாள், யார் அச்சிட்டார், யார் கட்டினார், எந்த எண் முதல் எந்த எண் வரை என்ன சிறப்பு என்பதை அது சொல்லும். கையொப்பமும் பிரதி எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இந்தப் பக்கத்தின் தெளிவான படத்தைப் பார்க்காமல் எந்த நூலுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

மேலே சொன்ன சாத்தி தொகுப்பு 900 எண்ணிட்ட பிரதிகளாக வந்தது. முதல் 10 பிரதிகளில் 1914, 1922 ஆகிய இரு வரிசைப் படங்களும் உண்டு. 225 வரை உள்ளவற்றில் இரண்டாம் வரிசை முழுமையாக உண்டு. எஞ்சியவற்றில் ஒரே ஒரு படம்தான். அனைத்தும் ஒரே தலைப்பு, ஒரே ஆண்டு, ஒரே ‘எண்ணிட்ட பதிப்பு’. ஆனால் கூட்டின் முழு வடிவம் கிடைப்பது கால்பங்கினருக்கு மட்டுமே. பட்டியலில் ‘எண்ணிட்ட பிரதி’ என்ற சொல்லைப் பார்த்ததும் எந்த எண் என்று கேட்க வேண்டிய காரணம் இதுதான்.

எண்களை வாசிக்கும் முறை எளிது. 37/250 என்றால் 250 பிரதிகளில் 37ஆவது. கலைஞருக்கென ஒதுக்கிய பிரதிகளுக்கும், விற்பனைக்கு அல்லாமல் உழைத்தவர்களுக்கு வழங்கப்பட்ட பிரதிகளுக்கும் ரோமன் எண்களோ தனிச் சுருக்கக் குறிகளோ இருக்கும். அவை பதிப்பின் எண்ணிக்கைக்கு வெளியே உள்ளவை, உண்மையானவையே. சிறிய எண் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. சிறப்புப் பிரதிகள் சிறிய எண்களில் அமைந்துள்ளன என்று பதிப்புக் குறிப்பே சொன்னால் மட்டும் அது பொருட்படுத்த வேண்டியது.

இக்குறிப்பில் நான் மிகவும் மதிக்கும் வரி அச்சகத்தைக் குறிப்பிடும் வரி. மத்தீஸின் ‘ஜாஸ்’ 1947இல் பதிப்பாளர் தெரியாதின் (Tériade) வெளியீடாக வந்தபோது, வெட்டுத்தாள் ஓவியங்களை உருவம் வெட்டிய தகடுகள் (ஸ்டென்சில்) வழியே கையால் வண்ணமேற்றிப் பக்கங்களாக்கியவர் எட்மோன் வைரெல். பெக்கெட், ஜான்ஸ் நூலின் செதுக்கச்சுகள் பாரிசின் குரோமெலிங்க் பட்டறையில் அச்சாயின. இவர்கள் கையொப்பமிடுவதில்லை, ஆனால் துறைகள் கடந்த கூட்டு என்று பேசும்போது மூன்றாவது கையாகிய இந்தக் கைவினைஞர்களை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

மூன்றாம் படி: அச்சு எவ்வகை என்று அறியுங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய உருப்பெருக்கி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; நூல்களின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமில்லை. அதன் வழியே பார்க்கும்போது வண்ணங்கள் ஒழுங்கான சிறு புள்ளிகளின் வரிசையாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு, அதாவது ஒளிப்பட முறையில் எடுத்த மறுபதிப்பு. கல்லச்சில் கிரேயான் கோட்டின் சொரசொரப்பு ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். செதுக்கச்சில் உலோகத் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாக அழுந்தியிருக்கும், மைக்கோடு சற்றே மேடாகத் தெரியும். சில்க் ஸ்கிரீனில் மை தடிப்பாகவும் சமமாகவும் படர்ந்திருக்கும்.

‘ஜாஸ்’ நூலின் மூலப் பதிப்பு கையொப்பத்துடன் 250 பிரதிகளும் விற்பனைக்கு அல்லாத 20 பிரதிகளும் கொண்டது. உரையில்லாமல் படங்கள் மட்டும் கொண்ட 100 தொகுதிகள் தனியே வெளியாயின. பிற்காலத்தில் அதன் மறுபதிப்புகள் பல வந்துள்ளன. அவற்றுள் சில மிக அழகானவை, படித்து மகிழ ஏற்றவை. அந்நூலில் மத்தீஸின் கையெழுத்திலேயே உரை முழுவதும் ஓடுவதால், மறுபதிப்பைப் பார்ப்பவர்கூடக் கலைஞரே எழுதியது என்று மயங்க வாய்ப்புண்டு. மூலப் பதிப்பிலும் அக்கையெழுத்து அச்சானதுதான். பதிப்புக் குறிப்பில் உள்ள கையொப்பம் மட்டுமே அவர் கையால் இட்டது.

நான்காம் படி: கையொப்பத்தைச் சோதியுங்கள்

இப்போது கையொப்பத்துக்கு வரலாம். கையொப்பங்களில் பல வகை உண்டு. பதிப்புக் குறிப்பில் இட்டது, தனித்தாளில் இட்டுப் பிறகு நூலோடு சேர்த்துக் கட்டியது, ஒட்டுச்சீட்டில் இட்டு உள்ளட்டையில் ஒட்டியது, வெளியீட்டு விழாவில் வாசகருக்குப் பெயர் எழுதி இட்டது என ஒவ்வொன்றுக்கும் மதிப்பு வேறு. முதல் வகைதான் நூலின் பகுதியாகவே திட்டமிடப்பட்டது. ஒட்டுச்சீட்டு எந்த நூலிலும் ஒட்டக்கூடியது என்பதால் கடைசி இடம் அதற்குத்தான். இரு கலைஞர்களில் ஒருவர், மற்றவருக்கோ தங்களுடன் உழைத்த அச்சகத்தாருக்கோ எழுதிக் கொடுத்த பிரதி கிடைத்தால் அது தனி மதிப்புடையது. கூட்டு வாழ்க்கையின் நேரடித் தடம் அதில் இருக்கிறது.

சோதிக்கும் முறை இது. நூலைச் சன்னல் அருகே கொண்டுசென்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு சாய்த்துப் பாருங்கள். பென்சில் கையொப்பம் ஒரு கோணத்தில் மினுக்கும். எழுதிய அழுத்தம் தாளில் தெரியும். பேனா மை இழைகளுக்குள் ஊறியிருக்கும், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் கருமை கூடும். உருப்பெருக்கியில் புள்ளிகளாக உடைந்தால் அது அச்சிட்ட கையொப்பம். ஒரே அழுத்தத்தில், தொடக்கமும் முடிவும் சமமாக மழுங்கிய கோடு, கையொப்பத்தைப் படியெடுத்து எழுதும் இயந்திரப் பேனாவினுடையதாக இருக்கக்கூடும். கல்லிலோ தகட்டிலோ கலைஞர் இட்ட கையொப்பம் படத்தோடு சேர்ந்தே அச்சாகும். அதில் ஏமாற்று எதுவுமில்லை; ஆனால் அதைக் கையால் கையொப்பமிட்ட பிரதி என்று விற்பது தவறு.

இங்கே 1964இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து கோர்ன்ஃபெல்ட் வெளியிட்ட, ஓவியரும் கவிஞருமான வாலஸ் டிங்கின் நூலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிங் எழுதிய கவிதைகளுக்கு ஆண்டி வார்ஹால், ராய் லிக்டென்ஸ்டைன், ஜோன் மிட்செல் உள்ளிட்ட 28 கலைஞர்கள் 62 கல்லச்சுகள் தந்தார்கள். சாம் ஃபிரான்சிஸ் பதிப்பாசிரியராக இருந்தார். 2000 சாதாரணப் பிரதிகளில் படங்களுக்குக் கையொப்பம் கிடையாது. 100 சிறப்புப் பிரதிகளில் மட்டுமே கலைஞர்கள் கையொப்பமிட்டார்கள். தாள்கள் தைக்கப்படாமல் உதிரியாக உள்ளதால் நூலைக் கலைத்துப் படங்களைத் தனித்தனியே விற்பது வழக்கமாகிவிட்டது. இதனால் வாங்குபவருக்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. தனித்தாளில் பென்சில் கையொப்பம் கண்டால், அது சிறப்புப் பிரதியிலிருந்து வந்ததா என்பதற்குச் சான்று கேளுங்கள், சான்று இல்லையேல் விட்டுவிடுங்கள். முழு நூல் என்று விற்கப்பட்டால் தாள்களையும் படங்களையும் ஒன்றுவிடாமல் எண்ணுங்கள். நூலைக் கலைப்பது எனக்கு வேதனை தரும் செயல். கவிதை எதிரில் இல்லாத படம் அழகாகச் சட்டத்துக்குள் தொங்கலாம். அது யாரோடு பேசிக்கொண்டிருந்தது என்பதை அதன் பிறகு யாரும் அறிய முடியாது.

விற்பவரே அச்சடித்துத் தரும் ‘உண்மைச் சான்றிதழ்’ தன்னளவில் எதையும் நிரூபிப்பதில்லை. யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதைக் காட்டும் பழைய ரசீது, ஏலப் பட்டியல், பதிப்பாளரின் கடிதம் ஆகியவையே எடுபடும். கலைஞரின் முழு அச்சுப்படைப்புகளையும் வரிசைப்படுத்திய பட்டியல் நூல் இருந்தால், பெரிய நூலகத்தில் அதைக் கேட்டுப் பார்த்து, தாள் அளவு, எண்ணிக்கை, கையொப்ப இடம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: எங்கே வாங்குவது, எதிலிருந்து தொடங்குவது

மேலே சொன்ன நூல்களை விலைக்கு வாங்க முடிந்தவர் சிலரே. ஆனால் கற்றுக்கொள்ளக் குறைந்த விலையில் வழி உண்டு. சென்னையின் தாரா புக்ஸ் கையால் அச்சிட்டு வெளியிடும் நூல்கள் தமிழ் வாசகருக்கு மிக அருகில் இருப்பவை. 2006இல் வந்த, மரங்களின் இரவு வாழ்க்கையைப் பற்றிய நூலில் கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி ஆகியோரின் ஓவியங்கள் கருநிறக் கைத்தாளில் சில்க் ஸ்கிரீன் முறையில் அச்சிடப்பட்டுள்ளன. ஒவ்வொரு பிரதிக்கும் எண் உண்டு. அதில் ஒன்றை வாங்கி, மையின் தடிப்பையும் தையலையும் எண்ணிட்ட முறையையும் விரலாலும் கண்ணாலும் பழகிக்கொண்டால், பிறகு தொலைவிலிருந்து வரும் விலையுயர்ந்த நூலை எடைபோடும் திறன் தானே வரும். வாழும் கலைஞர்களின் நூல் வெளியீட்டிலோ கண்காட்சியிலோ, எழுதியவரும் வரைந்தவரும் உடனிருக்கும்போது உங்கள் கண்ணெதிரே இருவரிடமும் கையொப்பம் பெறுவதைவிட நம்பகமான வழி வேறில்லை. அன்றைய அழைப்பிதழையும் ரசீதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய நூலுக்கு, பழம்நூல் வணிகர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ளவரை நாடுவது நல்லது. அவர்கள் விவரிப்புக்குப் பொறுப்பேற்கும் நடத்தை நெறிக்குக் கட்டுப்பட்டவர்கள். ஏலத்தில் வாங்கினால், சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குவோர் கட்டணம் கணிசமாகச் சேரும். அதன் பின் அனுப்புகூலி, காப்பீடு, சுங்கம் ஆகியவையும் உண்டு. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, உங்கள் உச்ச விலையை ஏலத்துக்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள். விற்பவரிடம் பதிப்புக் குறிப்பு, கையொப்பம், முதுகுப்பகுதி, உறைப்பெட்டி, பழுப்புப் புள்ளிகள் உள்ள பக்கங்கள் ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஆறாம் படி: பாதுகாப்பு

நம் கடலோர ஊர்களில் ஈரப்பதமே தாளின் முதல் பகை. ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக இருப்பது நல்லது. சிறிய ஈரமானி ஒன்றை அலமாரிக்குள் வைத்து, மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை மாற்றி மாற்றி வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். கறையானும் ஈரமும் அங்கிருந்துதான் வரும். பாச்சை உருண்டையை நூலருகே வைக்காதீர்கள். அதன் ஆவி உங்களுக்கும் தாளுக்கும் நல்லதல்ல. இராமபாணப் பூச்சிக்கு வீட்டு வழக்கப்படி வசம்பு வைப்பவர்கள் அதைத் துணியில் முடிந்து, நூலைத் தொடாத இடத்தில் வைக்கலாம்.

பெரிய நூல்களைப் படுக்கவைத்தே வையுங்கள். உறைப்பெட்டி உடைந்திருந்தாலும் தூக்கி எறியாமல், அமிலமற்ற அட்டையில் புதுப் பெட்டி செய்து பழையதை உடன் வையுங்கள். பக்கங்களைப் புரட்டக் கழுவி நன்கு உலர்ந்த கைகளே போதும். துணிக் கையுறை தாளின் ஓரத்தில் மாட்டிக் கிழித்துவிடும். கிழிசலுக்கு ஒட்டுநாடா ஒட்டுவதும், பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையிட்டு மூடுவதும் கூடவே கூடாது. கையொப்பப் பக்கத்தைத் திறந்தபடி வெளிச்சத்தில் காட்சிக்கு வைத்தால் மை வெளிறும். ஆகவே காட்சிக்கு வேறொரு பக்கத்தைத் திறந்து வைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கோப்பு தொடங்குங்கள். வாங்கிய நாள், விலை, விற்றவர், பிரதி எண், கையொப்பங்களின் படம், குறைகள், அந்நூல் எப்படி உருவானது என்று நீங்கள் படித்தறிந்தவை ஆகிய எல்லாவற்றையும் அதில் எழுதி, ஒரு நகலை வீட்டுக்கு வெளியே நம்பகமான இடத்தில் வையுங்கள். உங்கள் பெயரையோ முத்திரையையோ நூலில் பதிக்க வேண்டாம். அவசியமென்றால் மென்மையான பென்சிலால் உள்ளட்டையின் மூலையில் கோப்பு எண்ணை மட்டும் எழுதுங்கள்.